சுழற்சியின் மதிப்பு

நுழையும்முன்

ஓட்டப்பந்தயத்தின் முடிவைக் கடிகாரம் சொல்லிவிடும். நீளம் தாண்டுதலின் முடிவை அளவுநாடா சொல்லிவிடும். ஆனால், அழகும் திறமையும் ஒன்றாய்க் கலந்த விளையாட்டில் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது? பார்ப்பவர் கண்ணுக்குக் கண் வேறுபடும் அழகுக்கு, எல்லோரும் ஏற்கும் மதிப்பெண் வழங்க இயலுமா? கலைநயப் பனிச்சறுக்குப் போட்டியில் சுழற்சிகள் மதிப்பிடப்படும் முறை, இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது.

பனித்தளத்தில் ஒரு பம்பரம்

உறைந்த பனித்தளத்தின்மீது, காலணியின் அடியில் பொருத்திய எஃகுத் தகட்டின் துணையுடன், இசைக்கேற்ப இயங்குவது கலைநயப் பனிச்சறுக்கு. ஆங்கிலத்தில் ஃபிகர் ஸ்கேட்டிங் எனப்படும் இவ்விளையாட்டில் தாவல், காலடி நகர்வு, சுழற்சி ஆகியன முதன்மைக் கூறுகள். ஓரிடத்தில் நிலைத்து நின்று பம்பரம்போல் சுற்றுவதே சுழற்சி.

விரித்த கைகளை மார்போடு அணைத்ததும் வீராங்கனையின் வேகம் கூடுவதைக் காணலாம். கைகள் அச்சை நெருங்கும்போது நிலைமத் திருப்புத்திறன் குறைகிறது. கோண உந்தம் மாறாதிருக்க வேண்டுமாதலின் சுழலும் வேகம் மிகுகிறது. இயற்பியல் பாடத்தில் பயிலும் விதி பனித்தளத்தில் கண்கூடாகிறது.

சுழற்சிக்கு அடிப்படைக் கோலங்கள் மூன்று. உடல் நிமிர்ந்திருப்பது நின்ற கோலம். ஊன்றிய காலின் தொடை பனித்தளத்திற்கு இணையாகும் அளவேனும் தாழ்ந்திருப்பது அமர்ந்த கோலம். மற்றொரு காலின் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்குமாறு காலைப் பின்னே நீட்டிச் சுற்றுவது கிடைக்கோலம். ஒரு கோலம் கணக்கில் சேர, அதில் இரண்டு சுற்றுகளேனும் இடையறாது நிலைத்திருத்தல் வேண்டும்.

நம்பிக்கை குலைந்த நாள்

முற்காலத்தில் நடுவர்கள் ஆறு என்னும் எண்ணை உச்சமாகக் கொண்டு மதிப்பெண் வழங்கினர். நிகழ்ச்சி முழுவதற்கும் சேர்த்துத் தொழில்நுட்பத்திற்கு ஒன்று, வெளிப்பாட்டிற்கு ஒன்று என இரு மதிப்பெண்கள் தரப்பட்டன. ஒரு சுழற்சி தனியே எவ்வளவு பெற்றது என்பதை அறிய வழியில்லை.

2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் இம்முறையின் குறை வெளிப்பட்டது. இணையர் பிரிவில் ஒன்பது நடுவர்களுள் ஐவர் இரசிய இணையரையும் நால்வர் கனடிய இணையரையும் முதலிடத்தில் வைத்தனர். நடுவர் ஒருவர் பிறரது அழுத்தத்திற்கு ஆட்பட்டு வாக்களித்தார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. இறுதியில் கனடிய இணையருக்கும் தங்கப்பதக்கம் வழங்கப்பட்டது. பதக்கத்தைப் பகிர்ந்தளிக்க முடிந்ததே தவிர, குலைந்த நம்பிக்கையை அதனால் மீட்க முடியவில்லை. எனவே, பன்னாட்டுப் பனிச்சறுக்கு ஒன்றியம் புதிய மதிப்பீட்டு முறையை உருவாக்கி 2004இல் ஏற்றுக்கொண்டது.

இரு கேள்விகள், இரு குழுக்கள்

‘என்ன செய்தார்?’, ‘எப்படிச் செய்தார்?’ என்னும் இரு கேள்விகளையும் பிரித்து, இரு குழுக்களிடம் ஒப்படைத்ததே புதிய முறையின் உயிர்நாடி.

முதற்கேள்விக்குத் தொழில்நுட்பக் குழு விடையளிக்கிறது. சுழற்சி எவ்வகையைச் சார்ந்தது, அதில் எத்தனை கடினக் கூறுகள் நிறைவேறின என்பவற்றை அக்குழு காண்கிறது. ஐயம் எழுந்தால் காணொளியை மீண்டும் பார்க்கிறது. கடினமான உடல்வளைவு, தகட்டின் விளிம்பை மாற்றுதல், ஒரே கோலத்தில் எட்டுச் சுற்றுகள் சுற்றுதல், சுழலும் திசையை மாற்றுதல் போன்றவை கடினக் கூறுகளாம். நான்கு கூறுகள் நிறைவேறினால் உச்சப் படிநிலையான நான்காம் படிநிலை கிட்டும். கால் மாற்றி மூன்று கோலங்களிலும் சுற்றும் கூட்டுச் சுழற்சிக்கு நான்காம் படிநிலையில் அடிப்படை மதிப்பு 3.5, மூன்றாம் படிநிலையில் 3.0.

இரண்டாம் கேள்விக்கு நடுவர்கள் விடையளிக்கின்றனர். 2018–19 பருவம் முதல் ஒவ்வொரு கூறின் செயல்தரத்திற்கும் −5 முதல் +5 வரை மதிப்பு வழங்கப்படுகிறது. சுழற்சியில் வேகம், தெளிவான கோலம், சிரமம் தோன்றாத இயக்கம், மையம் விலகாமை, புதுமை, இசையோடு இயைதல் ஆகிய ஆறும் நோக்கப்படும். முதல் மூன்றும் நிறைவேறாமல் +4, +5 ஆகியவற்றைப் பெற இயலாது. இம்மதிப்பின் ஒவ்வோர் எண்ணும் அடிப்படை மதிப்பில் பத்து விழுக்காட்டைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

எடுத்துக்காட்டாக, நான்காம் படிநிலைக் கூட்டுச் சுழற்சி ஒன்றிற்கு ஒன்பது நடுவர்கள் 5, 4, 3, 3, 3, 3, 3, 2, 1 என வழங்கியதாகக் கொள்வோம். மிக உயர்ந்த ஒன்றும் மிகத் தாழ்ந்த ஒன்றும் நீக்கப்படும். எஞ்சிய ஏழின் சராசரி 3. ஆகவே, 3.5உடன் 1.05 சேர்ந்து 4.55 கிடைக்கும். ஒருவர் மட்டும் வேண்டுமென்றே மிகுத்தோ குறைத்தோ வழங்கினால், அதன் தாக்கம் இவ்வாறு மட்டுப்படுத்தப்படுகிறது.

அதே சுழற்சியை மூன்றாம் படிநிலையில் செய்து +5 பெற்றால் 4.50 கிடைக்கும், நான்காம் படிநிலையில் தடுமாறி −2 பெற்றால் 2.80 மட்டுமே. கடினமானதைத் தட்டுத்தடுமாறிச் செய்வதைவிட, இயன்றதைச் செம்மையாகச் செய்வது மிகுதியான மதிப்பெண்ணைத் தரும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த லூசிண்டா ரூ, 2003இல் நியூயார்க் நகரில் ஒற்றைக்காலில் இடைவிடாது 115 சுற்றுகள் சுழன்று உலக சாதனை படைத்தார். போட்டியிலோ சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் மதிப்பெண் கூடுவதில்லை. ஒரே கோலத்தில் எட்டுச் சுற்றுகள் என்பது கடினக் கூறுகளுள் ஒன்று மட்டுமே.

சிறுபுள்ளியின் பெருமதிப்பு

நான்கு சுற்றுகள் கொண்ட லட்ஸ் என்னும் தாவலின் அடிப்படை மதிப்பு 11.5. ஒரு வினாடிக்கும் குறைவான நேரமே காற்றில் நிகழும் அத்தாவலோடு ஒப்பிடச் சுழற்சியின் மதிப்பு சிறிதே. எனினும், சிறியது என இகழ்வதற்கில்லை. 2018ஆம் ஆண்டு பியோங்சாங் ஒலிம்பிக்கின் மகளிர் பிரிவில், நீள் நிகழ்ச்சியில் அலினா சகிட்டோவா, எவ்ஜெனியா மெத்வதேவா இருவரும் 156.65 என ஒரே மதிப்பெண் பெற்றனர். குறு நிகழ்ச்சியில் இருந்த 1.31 வேறுபாடே சகிட்டோவாவுக்குத் தங்கத்தை உரித்தாக்கியது. இத்தகைய வேளையில் ஒரு சுழற்சியின் அரைப்புள்ளியும் அருமை உடையதாகிறது.

விதியும் கலையும்

எதற்கு மதிப்பெண் உண்டோ அதையே அனைவரும் பயில்வர் என்பது இயல்பு. காலைப் பின்புறமாகத் தலைக்குமேல் உயர்த்திப் பற்றிச் சுழலும் கோலம், 1981ஆம் ஆண்டின் உலக வாகையர் டெனிஸ் பீல்மான் பெயரால் வழங்குகிறது. புதிய முறை வந்தபின், படிநிலையை உயர்த்தும் பொருட்டுப் பலரும் அக்கோலத்தை மேற்கொண்டனர். கண்டதையே மீண்டும் காணும் சலிப்பு பார்வையாளருக்கு ஏற்பட்டது. ஒரு நிகழ்ச்சியில் ஒரே வகைக் கடின உடல்வளைவு ஒருமுறையே கணக்கில் கொள்ளப்படும் என்பது போன்ற விதிகள் இப்போக்கைக் கட்டுப்படுத்துகின்றன. புதுமைக்கும் இசையியைபுக்கும் செயல்தரத்தில் இடமளித்திருப்பதும் இதற்கு உதவுகிறது.

அழகை முற்றிலும் எண்ணாக மாற்றிவிட எந்த முறையாலும் இயலாது. இன்றும் நடுவர்களின் கண்கள் வேறுபடுகின்றன. தீர்ப்புகள் குறித்து வாதங்கள் எழுகின்றன. ஆயினும், தான் பெற்ற மதிப்பெண் எங்கிருந்து வந்தது, எங்கே குறைந்தது என்பதை வரிக்குவரி பார்த்தறிய இன்றைய வீராங்கனையால் இயலும். தோற்றவரும் காரணம் அறிந்து, அடுத்த போட்டிக்கு அதனைத் திருத்திக்கொள்ள முடிகிறது. தீர்ப்பு வழங்குவோர் அதற்கான காரணத்தையும் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் நெறி, பனித்தளத்திற்கு மட்டும் உரியதன்று.