கல்லில் நின்ற கூத்து

திண்டுக்கல்லுக்கு வடக்கே, அகரத்தை அடுத்த தாடிக்கொம்பில், குடகனாற்றங்கரையில் சௌந்தரராசப் பெருமாள் திருக்கோயில் விளங்குகிறது. அதன் மண்டபத் தூண்களில் விசயநகர, நாயக்கர் காலத்துப் பெருஞ்சிற்பங்கள் பல உள. அவற்றுள் ஊர்த்துவ தாண்டவர், தில்லைக்காளி ஆகிய இரண்டும் ஆடற்கோலங்கள். திருமால் கோயிலில் சிவனாரின் கூத்தா என வியக்க வேண்டா. அக்காலச் சிற்பிகள் அவ்வேற்றுமையைப் பெரிதாக எண்ணவில்லை போலும்!

காளியோடு போட்டியிட்ட இறைவன் ஓரடியைத் தலைக்கு மேல் தூக்கினான். அவ்வாறு தூக்க நாணிக் காளி தோற்றாள் என்பது புராணம். ஆடுவோனுக்கு அஃது ஒரு நொடிச் செயல், சிற்பிக்கோ பெருஞ்சிக்கல். கருங்கல் மேலிருந்து அழுத்தும் பளுவை எளிதில் தாங்கும். ஆனால், மெல்லிதாகப் பக்கவாட்டில் நீட்டினால் முறியும். உடலை ஒட்டி நிமிர்ந்த காலோ தன் பளுவை நேரே கீழிறக்கிவிடும்.

பாரிசு நகரக் கலைஞர் டெகா, 1881ஆம் ஆண்டில், பதினான்கு வயதுப் பாலே நடன மாணவி ஒருத்தியின் உருவைக் காட்சிக்கு வைத்தார். மெழுகு உடல், உள்ளே கம்பி, மெய்யான துணிப் பாவாடை. அவள் ஆடவில்லை. கைகளைப் பின்னே கோத்து, ஒரு காலை முன்வைத்து, முகத்தை நிமிர்த்தி நிற்கிறாள். அழகில்லை எனப் பலர் பழித்தனர். ஆயினும், ஏழைச் சிறுமியின் களைப்பும் வீறும் அந்நிலையிலேயே புலனாகின்றன.

தாடிக்கொம்பு செல்வீராயின், தூக்கிய திருவடியை மட்டும் கண்டு திரும்பாதீர். ஊன்றிய காலையும் நோக்குங்கள்.