பள்ளி நுழைவுத் தேர்வுக்கான ஆங்கிலச் சொல்வளம்

பள்ளி நுழைவுத் தேர்வுக்கான ஆங்கிலச் சொல்வளம் என்பது, பள்ளிச் சேர்க்கைக்காக நடத்தப்படும் போட்டித் தேர்வின் வினாத்தாளைப் படித்துப் புரிந்துகொள்ளவும் விடையெழுதவும் ஒரு மாணவருக்குத் தேவைப்படும் சொற்களின் தொகுதியாகும். விக்கிரவாண்டி, திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்களில் தமிழ்வழியில் படிக்கும் மாணவர்களுக்கு இச்சொல்வளம் ஆங்கிலப் பகுதிக்கு மட்டும் உரியதன்று. சில தேர்வுகளில் கணக்கு, அறிவியல் வினாக்களும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. அங்கே ஒரு சொல்லின் பொருள் தெரியாவிட்டால், நன்றாகத் தெரிந்த கணக்கும் கைவிட்டுப் போகும்.

தேர்வுகளும் வினாத்தாள் மொழியும்

தமிழ்நாட்டில் 1962இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி, திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகரில் உள்ளது. இதில் 6ஆம் வகுப்பிலும் 9ஆம் வகுப்பிலும் சேர, அகில இந்திய சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 6ஆம் வகுப்புக்கான தேர்வு மொத்தம் 300 மதிப்பெண் கொண்டது. அதைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் ஒன்றில் எழுதலாம். 9ஆம் வகுப்புக்கான தேர்வு 400 மதிப்பெண் கொண்டது. இது முழுவதும் ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறும். இதில் ஆங்கிலப் பாடத்துக்கு உரியவை 50 மதிப்பெண்களே. கணக்கு, நுண்ணறிவு, அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றுக்குரிய மீதி 350 மதிப்பெண்களும் ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்வதைச் சார்ந்தே உள்ளன.

டேராடூனில் 1922இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி, பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் ஒரு பள்ளியே ஆகும். இதன் 8ஆம் வகுப்புச் சேர்க்கைக்கான தேர்வைத் தமிழ்நாட்டில் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. பதினொன்றரை முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் எழுதும் இத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 125, கணக்குக்கு 200, பொது அறிவுக்கு 75 மதிப்பெண்கள். கணக்கையும் பொது அறிவையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழில் எழுத வழியில்லை.

ஆகவே 6ஆம் வகுப்பில் வாய்ப்பைத் தவறவிட்ட தமிழ்வழி மாணவர், அடுத்த வாய்ப்புக்குள் தாம் தமிழில் கற்ற பாடங்களை ஆங்கிலச் சொற்களோடு இணைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. இதற்கு அவருக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். தேர்வு விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிக்கையைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

எவை கடினச் சொற்கள்?

கடினச் சொற்கள் என்றதும் அகராதியில் அரிதாகக் காணப்படும் நீண்ட சொற்களை மனப்பாடம் செய்யும் வழக்கம் உண்டு. ஆனால் தேர்வில் விடையை மாற்றுபவை பெரும்பாலும் சிறிய சொற்களே. 'மூன்று கான்செக்யூட்டிவ் எண்களின் கூடுதல் 72. அவற்றுள் பெரியது எது?' என்ற வினாவை எடுத்துக்கொள்ளலாம். கான்செக்யூட்டிவ் என்றால் அடுத்தடுத்து வரும் என்பது பொருள். அது தெரிந்த மாணவர் 72ஐ 3ஆல் வகுத்து, நடு எண் 24 என்றும் விடை 25 என்றும் அரை நிமிடத்தில் கண்டுவிடுவார். தெரியாதவருக்கு இந்த வினாவில் தொடக்கமே இல்லை.

அட் லீஸ்ட் என்பது 'குறைந்தது' என்றும், அட் மோஸ்ட் என்பது 'அதிகபட்சம்' என்றும், ரெஸ்பெக்டிவ்லி என்பது 'முறையே' என்றும், எக்சீட் என்பது 'மிஞ்சு' என்றும் பொருள்படும். கணக்குத் தெரிந்த மாணவரைத் தடுமாறச் செய்பவை இத்தகைய சொற்களே. எனவே முதலில் கற்க வேண்டியவையும் இவையே.

இரு பாடநூல்களைச் சேர்த்துப் படித்தல்

தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி ஆகிய இரண்டுக்கும் வெளியிடப்படுகின்றன. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. ஒரே வகுப்பின் கணக்கு நூலை இரு மொழிகளிலும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படிப்பது செலவில்லாத பயிற்சியாகும். சுற்றளவு என்பதற்கு நேராகப் பெரிமீட்டர், பின்னம் என்பதற்கு நேராக ஃபிராக்‌ஷன், மீதி என்பதற்கு நேராக ரிமைண்டர் என்று சொற்கள் தாமே இணைந்து வரும். கருத்து ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மாணவர் புதிதாகக் கற்க வேண்டியது பெயரை மட்டுமே. நாளுக்கு ஒரு பக்கம் போதுமானது.

சொற்குடும்பங்கள்

ஒரு வேர்ச்சொல்லை அறிந்தால் பல சொற்கள் ஒருங்கே விளங்கும். இலத்தீன் மொழியில் 'சுமந்து செல்' என்று பொருள்படும் வேரிலிருந்து டிரான்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட், இம்போர்ட், போர்ட்டர், போர்ட்டபிள் ஆகியவை வந்தன. இவற்றுள் பாதி, பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் காதில் விழுபவை. ஆனால் ஏர்போர்ட் என்பதில் உள்ள போர்ட், துறைமுகம் என்னும் பொருளுடையது. ஒலி ஒன்றாக இருப்பதாலேயே குடும்பம் ஒன்றாகிவிடாது.

மருத்துவமனைப் பலகைகளும் இதற்கு உதவும். விக்கிரவாண்டியை அடுத்த முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களுக்குச் சென்று வந்தவர்கள், லஜி என்று முடியும் துறைப் பெயர்களைப் பார்த்திருக்கலாம். லஜி என்பது ஒரு துறை பற்றிய அறிவைக் குறிக்கும் கிரேக்க வழி ஈறு. இதயம் பற்றியது கார்டியாலஜி, தோல் பற்றியது டெர்மடாலஜி, உயிர்கள் பற்றியது பயாலஜி, நிலம் பற்றியது ஜியாலஜி.

எதிர்மறை முன்னொட்டுகளில் தமிழ் இலக்கணம் கை கொடுக்கும். 'இன்' என்னும் முன்னொட்டு இன்கரெக்ட் என்பதில் அப்படியே நிற்கிறது. அதுவே இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் என்று அடுத்து வரும் எழுத்துக்கேற்பத் திரிகிறது. மரம் என்பதோடு கள் சேரும்போது மகர மெய் திரிந்து மரங்கள் ஆவதைப் படித்த மாணவருக்கு இது புதிய விதியன்று.

பேச்சு வழக்கால் வரும் பிழைகள்

தமிழ்ப் பேச்சில் கலந்துள்ள ஆங்கிலச் சொற்கள் சில, பொருள் மாறி வழங்குகின்றன. நம் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை; ஆங்கிலத்தில் அது தங்கும் விடுதி. வகுப்பில் கேள்வி கேட்பதை டவுட் கேட்பது என்கிறோம். ஆங்கிலத்தில் அச்சொல் நம்பிக்கையின்மையைக் குறிக்கும். சொற்சேர்க்கையிலும் கவனம் தேவை. பெரிய மழை என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிப் பிக் ரெயின் என்று எழுதுவது தவறு. ஹெவி ரெயின் என்பதே வழக்கு. கட்டுரையும் கடிதமும் எழுத வேண்டிய தேர்வுகளில் இத்தகைய பிழைகளால் மதிப்பெண் குறையும்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் படிப்பது தொடக்கத்துக்கு உதவினாலும், அதோடு நின்றுவிடக் கூடாது. கரடி, பேரிக்காய், இணை, வெறுமையான என்னும் பொருள்களைத் தரும் நான்கு வேறு ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தில் 'பேர்' என்றே அமையும். எனவே பயிற்சிக் குறிப்புகளை ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பழக வேண்டும்.

மறவாதிருக்கும் முறை

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில், கற்றது முதல் சில மணி நேரங்களிலேயே வேகமாக மறக்கிறது என்றும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்றும் காட்டினார். இதைப் பெட்டி முறையாக்கியவர் செபாஸ்டியன் லைட்னர். இம்முறையை எளிமையாக்கி வீட்டிலேயே பின்பற்றலாம்.

பழைய திருமணப் பத்திரிகைகளைச் சிறு அட்டைகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். அச்சிட்ட பக்கத்தில் வெள்ளைத்தாளை ஒட்டி, ஒருபுறம் ஆங்கிலச் சொல்லையும், மறுபுறம் தமிழ்ப் பொருளையும் சொந்தமாக அமைத்த ஒரு வாக்கியத்தையும் எழுத வேண்டும். மூன்று பெட்டிகளில் முதலாவதை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தவறிய அட்டை முதல் பெட்டிக்குத் திரும்பும். பொருளைப் பார்த்துப் படிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே பயன் தரும்.

நாளுக்கு 8 சொற்கள், வாரத்துக்கு 5 நாட்கள் என்று 40 வாரங்கள் தொடர்ந்தால் 1,600 சொற்கள் சேரும். மீதி இரு நாட்களைத் திரும்பப் பார்ப்பதற்கு ஒதுக்கலாம். ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இதில் உதவ முடியும். அட்டையின் தமிழ்ப் பொருளை அவர் வாசிக்க, பிள்ளை ஆங்கிலச் சொல்லைச் சொல்லி எழுத்துக்கூட்ட வேண்டும். எழுத்துகளை அட்டையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதைப் பிள்ளையே செய்துகொள்ளலாம்.