கையைக் கண்டால் நடுங்கிய சார்லி



போன வருஷம் ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்களுக்குச் சார்லியை ஞாபகம் இருக்கும். நெஞ்சில் இறகு இல்லாமல், கூண்டின் பின்மூலையில் ஒட்டிக்கொண்டு நின்ற சாம்பல் நிறக் கிளி. "அக்கா, கிளி நாய் மாதிரி உறுமுமா?" என்று ஒரு தம்பி கேட்டான். பயந்தால் உறுமும். அன்று அது எங்கள் எல்லாரையும் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது. இப்போது எப்படி இருக்கிறது என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

சார்லி ஆப்பிரிக்கன் கிரே வகை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் காடுகள்தான் இதன் பூர்வீகம். நன்றாகப் பேசும் என்பதாலேயே இதை லட்சக்கணக்கில் பிடித்து விற்றார்கள். 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு, காட்டில் பிடித்த கிளிகளை நாடு விட்டு நாடு விற்பதைத் தடை செய்யத் தீர்மானித்தது. சார்லி கூண்டில் பொரித்ததுதான். ஆனாலும் அதற்குள் இருப்பது காட்டுப் பறவையின் மனசு.

எங்களிடம் வருவதற்கு முன் இரண்டு வீடுகள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. தடித்த கையுறை போட்டுப் பிடித்துப் பிடித்து, கை என்றாலே அதற்கு நடுக்கம். இன்னொரு முறையும் திரும்பி வந்தால் வீடு கிடைப்பது கஷ்டம் என்று மீட்பு இல்லத்தில் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

நாகர்கோவிலில் பாட்டி வீட்டில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அதைப் பார்த்து வளர்ந்ததால் கிளி வளர்ப்பது பெரிய காரியமா என்று நினைத்துவிட்டேன்.

முதலில் பறவை மருத்துவரிடம் போனோம். வார்டில் ஒரு நோயாளி கத்தினால், முதலில் எங்கே வலிக்கிறது என்றுதான் பார்ப்போம். பறவைக்கும் அதுவே. வெறும் சூரியகாந்தி விதையைத் தின்றே வளர்ந்ததால் சார்லிக்குக் கால்சியமும் வைட்டமின் ஏ-யும் குறைவு. இந்த வகைக் கிளிகளுக்குக் கால்சியம் மிகவும் குறைந்தால் வலிப்பே வரலாம். கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கும் பரிசோதனை செய்தார்கள். விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பெல்லட், கேரட், கீரை என்று மாற்றினோம்.

சமையலறையும் மாறியது. அதிகம் சூடேறிய நான்-ஸ்டிக் பாத்திரத்தின் புகை சில நிமிஷத்தில் பறவையைக் கொன்றுவிடும். என் நான்-ஸ்டிக் தோசைக்கல் குப்பைக்குப் போய், இரும்புக் கல் வந்தது. அவகாடோவும் சாக்லேட்டும் அதற்கு விஷம் என்று மகளுக்கும் சொல்லி வைத்தோம்.

அடுத்து, இடம். கிளி மற்ற பிராணிகளுக்கு இரையாகும் உயிர். எந்தப் பக்கமிருந்து ஆபத்து வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் கூண்டின் முதுகுப்பக்கம் சுவரோடு இருக்கும்படி ஓர் அமைதியான மூலையில் வைத்தோம். இரவில் 10 மணி நேரமாவது இருட்டும் தூக்கமும் கொடுத்தோம்.

பிறகு சும்மா உட்கார்ந்தேன். ஆமாம், அதுதான் வைத்தியம். கூண்டிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில் நாற்காலி போட்டு, நேராக முறைத்துப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பிப் புத்தகம் வாசித்தேன். இரண்டு கண்ணாலும் நேராகப் பார்ப்பது பருந்தின் பார்வை. இறகை உடம்போடு இறுக்கி ஒல்லியாக நின்றால் 'கிட்ட வராதே' என்று அர்த்தம். உடனே நாற்காலியைப் பின்னால் தள்ளுவேன். போகும்போது கிண்ணத்தில் ஒரு துண்டு வால்நட் போட்டுவிட்டு விலகிவிடுவேன். நான் வந்தால் நல்லது நடக்கும், நான் போயும் விடுவேன் என்று அது தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு வாரத்தில் நாற்காலி ஒரு மீட்டருக்கு வந்தது.

அப்போதுதான் நான் கெடுத்தேன். நீங்கள் எல்லாரும் வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, "அக்காகிட்ட வருமா?" என்று யாரோ கேட்டார்கள். பெருமைக்காகக் கூண்டுக்குள் கையை விட்டேன். விரலில் ஆழமாகக் கடித்தது. ரத்தத்தைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள். என் மகள்தான் சரியாகச் சொன்னாள்: "அம்மா, நீங்கதான் அதுக்கிட்ட கேக்கவே இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. ஊசி போடும்போதுகூடப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறேன். அடிக்க வரும் நோயாளி கெட்டவர் இல்லை, பயந்தவர் என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் மறந்துவிட்டேன். அந்த வாரமே சார்லி மறுபடியும் நெஞ்சு இறகைப் பிடுங்க ஆரம்பித்தது. நாற்காலி திரும்பவும் மூன்று மீட்டருக்குப் போனது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு ராத்திரி நானும் அவரும் பேசினோம். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார் அவர்.

இரண்டாம் முறை, முடிவைச் சார்லியிடமே விட்டேன். ஒரு சாப்ஸ்டிக்கைக் கம்பிக்கு வெளியே காட்டுவேன். அது தானாக வந்து அலகால் தொட்டால், "சபாஷ்" என்று சொல்லி ஒரு சூரியகாந்தி விதை. வரவில்லையென்றால் வற்புறுத்துவதில்லை. ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் மட்டுமே. அது முடியாது என்று சொல்லும்போது நான் கேட்டுக்கொள்கிறேன் என்று தெரிந்ததும், முடியாது என்பதற்குக் கடிக்க வேண்டிய தேவை குறைந்தது.

குச்சிக்குப் பின்னால் கூண்டு வாசல் வரை வந்தது. பிறகு வெளியே கட்டையில் நின்றது. பல மாதம் கழித்து, நான் அசையாமல் வைத்திருந்த கையில் ஒரு கால் வைத்தது. எடுத்துக்கொண்டது. மறுநாள் இரண்டு காலும் வைத்தது. நான் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

இன்றைக்கும் சார்லி முழுக்க மாறிவிடவில்லை. துண்டைப் பார்த்தால் ஒடுங்கும். தலையைத் தடவ விடாது. நெஞ்சில் ஓரிடத்தில் இறகு முளைக்கவே இல்லை, இனி முளைக்காது என்றார் மருத்துவர். ஆனால் இரவில் நான் பக்கத்தில் இருக்கும்போதே அலகை 'கிர் கிர்' என்று அரைக்கிறது. கிளி நிம்மதியாகத் தூங்கப் போகும்போதுதான் அப்படிச் செய்யும்.

ஒரு வேண்டுகோள். இதை வாசித்துவிட்டு உடனே கிளி வாங்கப் போகாதீர்கள். இந்த வகை 40 வருஷத்துக்கு மேலும் வாழும். உங்கள் படிப்பு, வேலை, கல்யாணம், வீடு மாறுவது எல்லாவற்றிலும் கூட வரும். ஆசை இருந்தால் பக்கத்திலுள்ள மீட்பு இல்லத்தில் சனிக்கிழமை போய்க் கூண்டு கழுவிக் கொடுங்கள். அங்கே பின்மூலையில் ஒட்டி நிற்கிற ஒன்று கண்டிப்பாக இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

எங்கள் வீட்டுக்கும் வாருங்கள், சார்லியைப் பார்க்கலாம். கையை மட்டும் நீட்ட வேண்டாம். அது வரட்டும்.