மகன் கார் கேட்டால்…

லிந்துலையிலும் தலவாக்கலையிலும் கடை வைத்திருக்கும் நமது சகோதரர்கள் பலருக்கு இப்போது ஒரு பிரச்சினை. மகன் கண்டியில் படிக்கிறான். போய்வரக் கார் கேட்கிறான். "கடைக்குச் சாமான் ஏற்றவும் உதவும் வாப்பா" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொள்கிறான். நமக்கும் மனம் இளகிவிடுகிறது.

என் தங்கையின் மகனும் இப்படித்தான் வந்தான். கண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் படிப்பு, இரண்டாம் வருடம். வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டால் கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா என்று பஸ் மாறி வீடு வந்து சேர இரவாகிவிடும். பையன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அவன் காட்டிய படத்தில் இருந்ததோ ஒரு ஹைபிரிட் கார்.

"முற்பணம் கொஞ்சம் கட்டினால் போதும் மாமா, மிச்சம் லீசிங்" என்றான்.

"தவணையை யார் கட்டுவது?"

"வாப்பா."

"வாப்பாவுக்கு யார் கட்டுவது?"

அவன் பேசவில்லை.

வட்டியைப் பற்றி உலமாக்கள் சொல்வார்கள். நான் கடைக்காரன், கணக்கை மட்டும் சொல்கிறேன். மாணவனுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஆகவே லீசிங் வாப்பாவின் பெயரில்தான் எழுதப்படும். வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று கம்பனியின் பெயர் விழும். நம் கடைகளோ தோட்டத்துச் சம்பளத்தை நம்பி நடப்பவை. 10ஆம் திகதி சம்பளம் வந்தால்தான் கொப்பிக் கடன் திரும்பும். கொழுந்து குறைந்த மாதத்தில் கடனும் இழுபடும், ஆனால் தவணை இழுபடாது. 2022 ஜூன் கடைசியில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. பிறகு கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். வீட்டு வாசலில் நின்ற காருக்கும் தவணை உண்டு என்பதை அப்போது பலர் படித்துக்கொண்டார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை தலைகீழாக மாறியது. 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தும், வரி கடுமையாக இருப்பதால் பழையது நினைத்த அளவு மலியவில்லை. ஆகவே கையில் உள்ள காசுக்குள் வாங்குங்கள், அந்தக் காசு முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். உதாரணத்துக்கு 20 இலட்சம் இருந்தால் 16க்குள் கார் தேடுங்கள். மீதி 4 டயர், பற்றரி, கிளச், காப்புறுதி, பெயர் மாற்றம் என்று போய்விடும். போகாவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

எந்தக் கார் என்று கேட்பீர்கள். பஞ்சிகாவத்தையில் எந்தக் காருக்குச் சாமான் சுலபமாகக் கிடைக்கிறதோ, தலவாக்கலை கராஜ் பாஸ் எதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவாரோ, அந்தக் கார். மாருதி 800, அல்ட்டோ, சனி எஃப்பி 14, 15, பழைய கொரோலா, விட்ஸ் எல்லாம் அந்த வகை. மாருதியின் எஞ்சின் 796 சிசிதான். நாலு பேரை ஏற்றிக்கொண்டு நானுஓயா ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகும். அதைச் சொல்லாமல் விற்பவர் நல்ல தரகர் அல்ல. கார்புரேட்டர் வண்டிக்கு நம் உயரத்தில் மூச்சு இன்னும் குறைவு, இன்ஜெக்ஷன் உள்ளதையே தேடுங்கள். ஹைபிரிட் நல்ல வாகனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பெரிய பற்றரி வயதாகி நிற்கும்போது இலட்சக் கணக்கில் கேட்கும். அது மாணவனுக்குத் தாங்காது.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டு, போனதும் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் அங்கேயே சந்தேகம். குளிரில் முதலில் வரும் வெள்ளை ஆவிக்குப் பயப்பட வேண்டாம். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா, ஒயில் பார்க்கும் கம்பியில் பால் தேத்தண்ணீர் நிறம் தெரிகிறதா, உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். மீட்டரைக் குறைப்பது இலேசு. பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தோலும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள், அதைக் குறைக்க முடியாது.

கொழும்புப் பக்கத்துக் கார் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போதும் தண்ணீரில் நின்ற வாகனங்கள் எங்கோ விற்கப்படத்தான் போகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு இருந்தால் அங்கே தெரியும். சீட்டுக்குக் கீழே ஆணிகளின் துருவையும் பாருங்கள்.

பிறகு நாலு பேரோடு ஏறிப் பாருங்கள், இறங்கியும் பாருங்கள். ஏற்றத்தில் வெப்ப முள் உயரக்கூடாது. இறக்கத்தில் இரண்டாம் கியர் தானாகக் கழன்று விழக்கூடாது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி 7 பேர் உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பிள்ளை வாராவாரம் இறங்கப்போவதும் இப்படிப்பட்ட இறக்கங்களில்தான்.

கடைசியாகப் பத்திரம். இதில் நான் அடிபட்டவன். 2004இல் ஓபன் பேப்பரில் ஒரு சனி வாங்கினேன். விலை மலிவு, தரகர் தெரிந்தவர். பெயர் மாற்றப் போனபோதுதான் பதிவில் உள்ளவர் மௌத்தாகி இரண்டு வருடம் என்று தெரிந்தது. வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில். நாலு வருடம் அலைந்து கடைசியில் பாதி விலைக்குத் தள்ளினேன். தரகரை இன்றும் ஜும்ஆவில் காண்கிறேன், ஸலாம் சொல்லிக்கொள்கிறோம்.

ஆகவே பதிவில் உள்ளவரே நேரில் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, எம்டிஏ 6, 8 படிவங்களில் கையெழுத்து வைக்க வேண்டும். எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழு உரிமையாளர் இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீங்கும்வரை காசு கொடுக்க வேண்டாம். புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது, அவற்றின் திகதிகளையும் பாருங்கள்.

மருமகன் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவனே ஏழு கார் பார்த்தான். ஆறாவதில் பால் தேத்தண்ணீரைக் கண்டுபிடித்து எனக்கு ஃபோன் செய்தபோது அவன் குரலில் ஒரு சந்தோஷம். ஏழாவது, 2008இல் பதிவான மாருதி, வெள்ளை, ஒரே உரிமையாளர், ஓய்வு பெற்ற ஆசிரியர். பெயர் மாற்றம் முடிந்துவிட்டது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று ஆசிரியருக்கே ஞாபகம் இல்லை. பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த லொறியில் வரும்.