உஷார்! பழைய போனைக் கொடுத்துவிடாதீர்கள்

சிவகாசியில் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் செல்போன் கடைகளில் கூட்டம் அள்ளும். எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் ஆண்ட்ராய்டைக் கொடுத்துவிட்டு ஐபோனுக்குத் தாவ நினைப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். கடைப் பையன், “எல்லாம் தானா வந்துரும் அண்ணாச்சி” என்பான். நம்பாதீர்கள், வராது!

இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஆர்டர் புத்தகமே வாட்ஸ்அப்தான். வடநாட்டுப் பார்ட்டி பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், வெடிப்பெட்டி லேபிளுக்குச் சொன்ன ‘ஓகே’, காலண்டர் அட்டையில் கடைப் பெயருக்கு வந்த எழுத்துத் திருத்தம், லாரி ரசீதின் போட்டோ எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. “நான் கேட்டது நூறு பெட்டிதானே, இருநூறு எங்கே சொன்னேன்?” என்று பார்ட்டி மாற்றிப் பேசினால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த வாய்ஸ் மெசேஜ்.

ஆண்ட்ராய்டில் எடுக்கும் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கில் போய் உட்காரும். ஐபோனோ ஐகிளவுடை மட்டும்தான் பார்க்கும். ஒன்றில் வைத்ததை மற்றது திறக்காது. 2022-ல் இதற்கு ஒரு வழி வந்தது: ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற செயலியில் வாட்ஸ்அப்பையும் மாற்றும் வசதி. ஆனால் புது ஐபோனை முதன்முதலாக செட்டப் செய்யும்போதே அந்தச் செயலியை ஓட்டிவிட வேண்டும். கடையிலேயே அவசரமாக செட்டப்பை முடித்துக்கொண்டு வந்துவிட்டால், ஐபோனை முழுக்க அழித்து மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் பழைய போன் எக்ஸ்சேஞ்சில் போய் அழிக்கப்பட்டிருந்தால், எந்தக் கடைக்காரராலும் நேரடியாக ஐபோனுக்கு மீட்டுத்தர முடியாது. கால் ரெக்கார்டிங்கை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள் அவற்றைத் தனியாகக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய அடி பணத்தில் விழும். போன் மாறினால் யுபிஐ செயலியை மறுபடி பதிவு செய்ய வேண்டும். வங்கியில் பதிவான அதே சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போயாக வேண்டும். சிம்மில் அதற்குப் பேலன்ஸ் இருக்கிறதா பாருங்கள். பதிவு முடிந்தாலும் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. ஐபோன் என்றால் சில வங்கிகளில் இந்தக் கட்டுப்பாடு 72 மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனை மாற்றிவிட்டு, சனிக்கிழமை வாரச் சம்பளத்துக்கு வரிசையில் நிற்கிறவர்களிடம் என்ன சொல்வீர்கள்? லோடு ஏற்றிய லாரிக்கு வாடகை எப்படிப் போகும்?

அந்தப் பதற்றத்தில்தான் பலர் ‘கஸ்டமர் கேர்’ நம்பரை இணையத்தில் தேடி, மோசடிக்காரனிடம் மாட்டிக்கொள்கிறார்கள். திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னால் உடனே போனை வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள்.

பட்டாசுக்காரர்கள் தீபாவளி சரக்கு அனுப்பி முடித்த பிறகு போனை மாற்றலாம். காலண்டர் அச்சகக்காரர்கள் பொங்கல்வரை பொறுங்கள். யார் எப்போது மாற்றினாலும், எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் சில ஆயிரத்தை விட்டாலும் பரவாயில்லை, பழைய போனை ஒரு மாதமாவது வீட்டில் சார்ஜ் போட்டு வைத்திருங்கள்.