மெத்தியோனின் என்னும் பெயர்

நாமக்கல், சேந்தமங்கலம் வட்டாரக் கோழிப்பண்ணையாளரிடையே நன்கு வழங்கும் சொற்களுள் ஒன்று மெத்தியோனின். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனத்தில் முதற்கண் குறைவுறும் அமினோ அமிலம் இதுவேயாகலின், தனியே சேர்க்கப்படுகின்றது. இப்பெயரைத் தமிழாக்க விழைவோர் அதன் பிறப்பைத் தெளிதல் வேண்டும்.

அமெரிக்க அறிஞர் மியூலர் 1920-களின் தொடக்கத்தில் பாற்புரதமாகிய கேசீனினின்று இதனைப் பிரித்தெடுத்தார். பார்கரும் காயினும் 1928-இல் இதன் அமைப்பை நிறுவிய கட்டுரை இப்பெயரைத் தலைப்பிலேயே தாங்கியுள்ளது. மெத்தில் தொகுதி கந்தகத்தோடு பிணைந்து நிற்றலைச் சுருங்கச் சுட்டுவது இப்பெயர். கிரேக்கத்தில் தெயோன் என்பது கந்தகம். மெத்தில் என்பதோ, டூமாவும் பெலிகோவும் மரச்சாராயத்தை ஆய்ந்து 1834-இல் புனைந்த மெத்திலீன் என்பதன் வழிவந்தது. அதனுள் மெத்து கள்ளையும், ஹூலே மரத்தையும் குறிப்பன.

இம்மெத்துவும் மது என்னும் வடசொல்லும் ஓர் இந்தோ-ஐரோப்பிய மூலத்தின் கிளைகள். தமிழ் மதுவை வடமொழியினின்று பெற்றது. ஆகவே இவ்வொற்றுமை கொண்டு தமிழுக்கும் கிரேக்கத்துக்கும் உறவு நாட்டப் புகுதல் பொருந்தாது. மெத்தென என்னும் தமிழ்ச்சொல்லோடு இயைத்தல் அதனினும் பொருந்தாது. ஒலி ஒப்புமை ஒன்றே சான்றாகாது.

தகரம் இரட்டித்திருத்தல் கண்டு, மெத்திலின் தகரமும் தெயோனின் தகரமும் தனித்தனி நிற்கின்றன எனக் கொள்ளற்க. மூலப்பெயரில் அவ்வொலி ஒருமுறையே உண்டு. இரு சொற்களும் அவ்விடத்தே ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டன. கள் எங்கு முடிகின்றது, கந்தகம் எங்குத் தொடங்குகின்றது என வரைதல் அரிது. உயிரிடைப்பட்ட தனித்தகரம் மது என்பதிற்போலத் தமிழில் மெலிந்தொலிக்கும். வல்லொலி காக்கவே ஈண்டு இரட்டிக்கின்றோம். இரட்டிப்பு நம் எழுத்து மரபினது, சொற்பிறப்பினது அன்று.

இனி, உறுப்புதோறும் மொழிபெயர்த்தல் ஆகுமோ எனின், ஆகாது. மரத்தைக் குறித்த உறுப்பு பெயரினின்று மறைந்தது. கள்ளென்னும் பொருளோ வேதியியல் வழக்கில் இறந்துபட்டது. எஞ்சியது கந்தகம். அச்சொல்லைப் பெய்தால் கந்தம், அதாவது மணம், என்னும் பொருள் உடன்புகும். தெயோனுக்கு அப்பொருள் இல்லை. (அழுகிய முட்டையின் நாற்றம் கந்தகச் சேர்மங்களால் எழுவது ஆகலின், நம் சொல் ஒருவாறு பொருந்தும் போலும்! ஆயினும் அது வேறு செய்தி.)

ஒலிபெயர்த்தலே தக்கது. அதிலும் ஒரு திருத்தம் வேண்டும். லைசின் என்பதில் -இன் என எழுதும் அதே ஈற்றைச் சிலர் இங்கு -ஐன் ஆக்கி மெத்தியோனைன் என்பர். ஓர் ஈற்றுக்கு ஈருருவம் முறையன்று. மெத்தியோனின் என்றே எழுதுதல் வேண்டும்.