வாய்ப்பூட்டை உடைத்திடும் வாலிபர்!

தம்பி!

12 ஆண்டுகள் ஒரு மொழியைப் படிக்கிறான் ஒரு பிள்ளை. முதல் வகுப்பிலே அதன் எழுத்தைப் பழகுகிறான்; ஐந்தாம் வகுப்பிலே அதன் பாட்டை மனப்பாடம் செய்கிறான்; பத்தாம் வகுப்பிலே அதிலே கட்டுரை வரைகிறான்; 12ஆம் வகுப்பிலே பொதுத்தேர்வு எழுதித் தேறியும் விடுகிறான். பிறகு ஒருநாள், கல்லூரி வாயிலிலே எவரோ ஒருவர் அதே மொழியில், "உன் பெயரென்ன? ஊரெது?" என்று கேட்டுவிட்டால், நெற்றியிலே வியர்வை துளிர்க்கிறது, நாக்கு மேலண்ணத்திலே ஒட்டிக்கொள்கிறது, கண்கள் தரையைப் பார்க்கின்றன. தன் பெயர் தெரியாதா அவனுக்கு? தெரியும். ஊர் தெரியாதா? தெரியும். விடை கூறத் தேவையான ஆங்கிலச் சொற்களாவது தெரியாதா? அவையும் தெரியும்! எல்லாம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

மூளையிலே குறை என்பர் மேதாவிகள் சிலர். இல்லை, தம்பி, இல்லை! மூளையிலே குறையென்றால் 12ஆம் வகுப்பைத் தாண்டியிருப்பானா? குறை வேறிடத்திலே இருக்கிறது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவோடு பேச, அண்டை வீட்டாரோடு பேச, பள்ளித் தோழனோடு பேச, நாள்தோறும் ஆங்கிலம் நாவிலே புரண்டிட வாய்ப்பு இருக்கிறது. இவனுக்கு? வாய்ப்பு இல்லை, ஆகவே வாய்ப்பூட்டு! இருவருக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

அந்தப் பூட்டை உடைத்திடப் புறப்பட்டிருக்கின்றனர் ஆங்காங்கே மாணவர் சிலர். கல்லூரியிலே படிப்போர், மேல்வகுப்பிலே படிப்போர், ஆங்கிலம் பேசிப் பழகும் வசதி பெற்றோர். தம் வயதொத்த, அல்லது ஓரிரு ஆண்டு இளைய, அரசுப் பள்ளி மாணவரைத் தேடிச் செல்கின்றனர். சம்பளம் இல்லை, சால்வை இல்லை, மேடை இல்லை, மாலை இல்லை. எதிரெதிரே இருவர், இடையிலே ஒரு கேள்வி. "நேற்று மாலை என்ன செய்தாய்?" "உன் ஊரிலே என்ன விளையும்?" "மழை வந்தால் உன் தெரு எப்படியிருக்கும்?" கேட்பது ஆங்கிலத்திலே, விடை வருவதும், தட்டுத் தடுமாறியேனும், ஆங்கிலத்திலே!

சின்னஞ்சிறு காரியம்தானே என்று எண்ணிவிடாதே. இதன் பின்னே நெடிய வரலாறு இருக்கிறது.

1835ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மெக்காலே பிரபு தம்முடைய புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் கல்வி தர இயலாது. ஆகவே, ஆள்வோருக்கும் ஆளப்படும் கோடானுகோடி மக்களுக்கும் நடுவிலே நிற்க ஒரு சிறு வகுப்பாருக்கு ஆங்கிலம் தருவோம். அவர்கள் பெற்ற அறிவு மெல்ல மெல்லக் கீழே இறங்கட்டும் என்பது அவர் கருத்து. இறங்கிற்றா? மேலே ஊற்றப்பட்ட நீர் மேலேயே தேங்கிற்று! முதலில் பெற்றவர் பதவி பெற்றனர், பட்டம் பெற்றனர், தம் பிள்ளைகட்கும் பேரப்பிள்ளைகட்கும் அதனைப் பாத்தியதைச் சொத்தாக்கிச் சென்றனர். வயலிலே உழைத்தவன் வீட்டுக்கும், தறியிலே உழைத்தவன் வீட்டுக்கும் ஒரு சொட்டும் வந்து சேர நூறாண்டுக்கு மேலாயிற்று.

1965ஆம் ஆண்டு மாணவர் வீறுகொண்டெழுந்த மொழிப் போரை நாடறியும். அதன் விளைவாக, 1968ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சட்டமன்றத்திலே தீர்மானம் நிறைவேறிற்று. தமிழ் வீட்டுக்கு விளக்கு; ஆங்கிலம் உலகைக் காட்டும் பலகணி. நன்று! பலகணி வைத்தாயிற்று. ஆனால் தம்பி, பலகணியின் பக்கத்திலே நிற்க இடம் கிடைத்தது யாருக்கு? காற்று வாங்கியது எவர்? கூடத்தின் கோடியிலே நின்ற பிள்ளைக்குப் பலகணி இருப்பது தெரியும். காற்றுதான் வந்து சேரவில்லை. இருமொழி என்று நாம் சொல்லும்போது, இரண்டாவது மொழி ஏட்டிலே மட்டும் இருந்தால் போதுமா? ஏழையின் நாவிலும் இருக்கவேண்டாமா? அதுவரையில் அந்தத் தீர்மானத்தின் பாதி நிறைவேறிற்று, மீதி கடனாக நிற்கிறது என்றுதான் பொருள்.

இந்தக் கடன் இன்று அவசரக் கடனாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு, அரசுப் பள்ளியிலே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. 2021ஆம் ஆண்டு, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அந்த உரிமை விரிந்தது. பூட்டியிருந்த கதவுகள் திறந்தன. கூலித் தொழிலாளியின் மகளும் கொத்தனாரின் மகனும் உள்ளே நுழைந்தனர். நுழைந்த முதல்நாளே என்ன நேரிடுகிறது? பாடம் ஆங்கிலத்திலே! கேள்வி ஆங்கிலத்திலே! ஐயம் எழுந்தால் எழுந்து நின்று கேட்பதும் ஆங்கிலத்திலே! ஐயம் இருக்கிறது அந்தப் பெண்ணுக்கு. ஆனால் எழுந்து நிற்கக் கால் வரவில்லை. கடைசி வரிசைக்குப் போகிறாள், மௌனமாகிறாள். அவளுடைய மௌனத்தை அறியாமை என்று எழுதிவைத்துக்கொள்கிறது உலகம். சட்டம் கதவைத் திறந்தது; வாசற்படியிலே ஆங்கிலம், சட்டைக்காரத் துரைபோல நின்று, "உனக்கென்ன வேலை இங்கே?" என்று கேட்கிறது!

அப்படியானால் பள்ளியிலே ஆசிரியர் ஏன் கற்றுத் தரவில்லை என்று கேட்பாய். ஆசிரியர்மீது பழிபோடுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார். வகுப்பிலே 40 பிள்ளைகள். பாடவேளை 40 நிமிடம். ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாமல் வாய்மூடி உட்கார்ந்திருந்தாலும், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒரே ஒரு நிமிடம்! ஆசிரியர் பாடம் நடத்தவேண்டும், தேர்வுக்கு ஆயத்தம் செய்யவேண்டும், ஏடு திருத்தவேண்டும். பிள்ளையின் ஒரு நிமிடமும் காற்றிலே போகிறது. தேர்வோ, பேனாவைத்தான் பெரிதும் அளக்கிறது, நாவை அல்ல. ஆனால், ஒரு தோழன் எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால்? ஆளுக்குப் பாதியென்று வைத்தாலும் 30 நிமிடம்! ஒன்று எங்கே, முப்பது எங்கே!

கணக்கு மட்டுமல்ல, கூச்சமும் இருக்கிறது. ஆசிரியர்முன் தவறினால் மதிப்பெண் போகும், வகுப்பின்முன் தவறினால் மானம் போகும் என்று நடுங்குகிறது பிள்ளை. தோழன்முன் தவறினால் ஒன்றும் போகாது; சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடியும் சொல்லலாம்.

மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியிலே சட்டாம்பிள்ளை என்றொருவன் உண்டு. மணலிலே விரல்பிடித்து, இளைய பிள்ளைக்கு எழுத்துக் கற்பித்தவன் அவன். 1789ஆம் ஆண்டு, சென்னை எழும்பூரிலே இருந்த, படைவீரர்களின் அனாதைச் சிறுவர்களுக்கான விடுதியின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார். இந்நாட்டுப் பிள்ளைகள் மணலிலே எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்த எண்ணினார். உடனிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக்கொடு என்றார். சொல்லிக்கொடுத்தான், அவர்களும் கற்றனர்! 1797ஆம் ஆண்டு அதை நூலாக்கி இலண்டனிலே வெளியிட்டார் பெல். 'சென்னை முறை' என்று இங்கிலாந்து முழுவதும் அது பரவிற்று. நம் திண்ணையின் மணல் கடல் கடந்து சென்ற கதை இது.

பெருமைப்படலாம், ஆனால் பெருமையோடு நின்றுவிடலாகாது. அந்தத் திண்ணையிலே ஏற, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைக்குப் பெரும்பாலும் இடமில்லை, பெண்ணுக்கும் இடமில்லை. இன்று கிளம்பியிருக்கும் சட்டாம்பிள்ளை, எவருக்குத் திண்ணை மறுக்கப்பட்டதோ அவரைத் தேடிப் போகிறான். அதுதான் புதுமை, அதுதான் புரட்சி!

எப்படிக் கற்பிக்கிறான்? இலக்கண நூலைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. போனால் தோற்பான். "உனக்கு ஏற்கெனவே எத்தனை ஆங்கிலச் சொல் தெரியும், பார்" என்று தொடங்குகிறான். பஸ், டிக்கெட், சைக்கிள், பெல், பெஞ்ச், டீ, ஸ்டவ், சார்ஜர்... ஒரு பக்கம் நிறைந்துவிடுகிறது! ஒன்றுமே தெரியாதென்று நினைத்திருந்த பிள்ளை நிமிர்ந்து உட்காருகிறான். அந்தச் சொற்களைக் கோத்து வாக்கியமாக்குவதுதான் அடுத்த வேலை. தமிழிலே வினை கடைசியில் வரும்: "நான் பள்ளிக்குப் போகிறேன்." ஆங்கிலத்திலே வினை முந்திக்கொள்ளும்: "ஐ கோ டு ஸ்கூல்." இந்த இடமாற்றம் நாவுக்குப் பழகவேண்டும், பழக்கத்தால் மட்டுமே வரும்.

'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்கிறான் ஒருவன். நகைக்கிறார் நாகரிகக் கோமான்கள்! தம்பி, நகைக்க அதிலே என்ன இருக்கிறது? மெய்யெழுத்து சொல்லுக்கு முதலிலே வாராது என்பது தமிழின் விதி. அவன் நா, படிக்காமலேயே, அந்த விதியைக் காத்து நிற்கிறது! 'ஃபேன்' என்ற ஒலி தமிழிலே இல்லை. ஆகவே கூரையிலே சுழல்வதும் பேன், கூந்தலிலே ஊர்வதும் பேன் என்றாகிவிடுகிறது. சேர்ந்து சிரித்து, மேற்பல்லைக் கீழுதட்டிலே வைத்து ஊதிப் பழகினால் பத்து நிமிடத்திலே சரியாகும். முள் எங்கே குத்தும் என்பதை, அதே பாதையிலே சற்று முன்னே நடந்தவனே அறிவான். அதனால்தான் தோழனின் பாடம் தைக்கிறது.

இதனால் தமிழுக்குக் கேடு வருமே என்று கவலைப்படுவோர் உண்டு. கவலை நியாயமானது; ஆனால் கேடு வருவது ஆங்கிலம் கற்பதனாலே அல்ல; ஆங்கிலம் கற்றவனே மனிதன் என்று எண்ணுவதனாலே! ஒரு சிலரிடம் மட்டும் இருக்கும்வரை அது மகுடம். எல்லாரிடமும் வந்துவிட்டால் அது மண்வெட்டி. மண்வெட்டியை எவனும் வணங்கமாட்டான்; பயன்படுத்துவான். ஆங்கிலத்தின் ஆணவத்தை அழிக்க ஒரே வழி, அதை அனைவருக்கும் பங்கிட்டுத் தருவதுதான்.

கற்பிக்கச் செல்லும் மாணவனுக்கும் ஒரு வார்த்தை. நீ தானம் செய்யப் போகவில்லை, தம்பி! உனக்குக் கிடைத்த வாய்ப்பு உன் உழைப்பால் மட்டுமா வந்தது? உன் வீட்டின் வசதியால் வந்தது; நீ பிறந்த இடத்தால் வந்தது. அதிலே அவனுக்கொரு பங்குண்டு. அதைத் தரப் போகிறாய். ஆகவே அவன் தோள்மீது கைபோட்டுப் படம் எடுத்துப் பரப்பாதே. பேசும்போது குறுக்கிட்டுத் திருத்தாதே. பேசி முடிக்கட்டும், பிறகு ஒன்றே ஒன்றைத் திருத்து. அவன் ஊரைப் பற்றி, அவன் தந்தையின் தொழிலைப் பற்றி ஆங்கிலத்திலே உனக்குச் சொல்லட்டும். நாற்று நடுவது எப்படி, வலை பின்னுவது எப்படி என்பதை அவன் சொல்ல, நீ மாணவனாகிக் கேட்பாய்! அறிவு இருபுறமும் பாயும்போதுதான் அங்கே சமத்துவம் இருக்கும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை உண்டு. சென்னை முறைக்கு இங்கிலாந்திலே நேர்ந்தது என்ன? ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கில் ஏழைப் பிள்ளைகள், இடையிலே சட்டாம்பிள்ளைகள். செலவு மிச்சம் என்று மகிழ்ந்தனர் செல்வர். கல்வி கிளிப்பிள்ளைப் பாடமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே அம்முறை ஓரங்கட்டப்பட்டது. ஆசிரியருக்குத் துணையாக மாணவன் வரலாம். ஆசிரியருக்குப் பதிலாக வரலாகாது. காலியிடம் இருந்தால் அரசு நிரப்பவேண்டும். பேச்சுப் பயிற்சிக்குப் பாடவேளை தரவேண்டும். தொண்டர் கிடைத்தார் என்று கடமை ஓய்வெடுக்கக் கூடாது.

தொண்டர் கிடைப்பாரா என்ற ஐயமும் வேண்டாம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021ஆம் ஆண்டு 'இல்லம் தேடிக் கல்வி' என்று அரசு அழைத்தபோது, இலட்சக்கணக்கில் வந்தனர் தன்னார்வலர். மாலைதோறும் தெருவிலே, திண்ணையிலே பாடம் சொன்னார்கள். 1969ஆம் ஆண்டு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்திலே சேரும் கல்லூரி மாணவர், ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்றவேண்டும் என்பது விதி. அதிலே பாதி, 60 மணி. சனிக்கிழமைக்கு இரண்டு மணி என்றால், 30 சனிக்கிழமை. முப்பதே முப்பது சனிக்கிழமை! அவ்வளவு போதும், ஒரு பிள்ளை தலைநிமிர்ந்து தன் பெயரைச் சொல்ல, ஐயத்தைக் கேட்க, "எனக்குப் புரியவில்லை, மறுபடியும் சொல்லுங்கள்" என்று அஞ்சாமல் கூற!

ஆம், தம்பி! "புரியவில்லை" என்று சொல்லத் துணிவு பெற்றவனை இனி எவரும் ஏய்க்க முடியாது. 1965இலே மாணவர், திணிக்க வந்த மொழியைத் தடுத்து நிறுத்தினர். அது அன்றைய அறம். இன்றைய மாணவர், மறுக்கப்பட்ட மொழியைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றனர்; இது இன்றைய அறம். உன் பக்கத்துத் தெருவிலே ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. தலைமையாசிரியரைப் பார், அனுமதி கேள், வரும் சனிக்கிழமையே தொடங்கு!